கோசேனும் செங்கல் சூளையும்: நம் மாவட்டத்தின் இரண்டு புலம்பெயர்வுகள்



பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டுப் போனவர்களின் கதை திருவிவிலியத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அவற்றுள் இரண்டு சமூகங்களை இன்று நாம் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று எகிப்துக்குப் போன சமூகம். மற்றொன்று பாரசீகப் பேரரசின் கீழ் வாழ்ந்த சமூகம். இரண்டும் ஒரே இனம், ஒரே இறைவனை வழிபட்டவர்கள். ஆனால் அவர்களுடைய பொருளாதார நிலை ஒன்றாக இருக்கவில்லை.

பஞ்சத்தால் எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பத்துக்கு நாட்டின் நல்ல பகுதியான கோசேன் கிடைத்தது (தொநூ 47). அவர்கள் அங்கே நிலபுலன் சேர்த்தார்கள், பெருகினார்கள். யோசேப்பை அறியாத ஓர் அரசன் வந்ததும் (விப 1:8) அதே மக்கள், அதே நாட்டில், செங்கல் அறுக்கும் அடிமைகளானார்கள். பிறகு வைக்கோல் கொடுப்பதும் நின்றது. செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை (விப 5). உழைப்பில் அவர்கள் மாறவில்லை. அவர்களை அறிந்த அரசன் போய், அறியாத அரசன் வந்தான். அவ்வளவுதான் மாறியது.

பாரசீகத்தில் வேறு நிலை. சூசா நகர அரண்மனையில் அர்த்தக்சஸ்தா அரசனுக்குத் திராட்சை இரசம் பரிமாறும் பொறுப்பில் இருந்தவர் நெகேமியா. ஒரு புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை அந்த அளவுக்கு உயர முடிந்தது. நிப்பூர் நகரில் 1893-ஆம் ஆண்டு தோண்டி எடுக்கப்பட்ட களிமண் ஏடுகள், முராஷூ என்ற வணிகக் குடும்பத்தின் கணக்குகள். பாரசீகர் காலத்தைச் சேர்ந்த அந்த ஏடுகளில், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், கடன் வாங்கியவர்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்று யூதப் பெயர்கள் பல காணப்படுகின்றன. அவர்கள் எல்லாரும் செல்வர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய பெயர் கணக்கில் இருந்தது.

எருசலேமுக்குப் புறப்படுமுன் நெகேமியா அரசனிடம் கேட்டது என்ன? பொன்னையோ பொருளையோ அல்ல, கடிதங்களைக் கேட்டார். வழியிலுள்ள ஆளுநர்கள் தம்மைத் தடையின்றிப் போகவிட ஒரு கடிதம். அரசனுடைய காட்டைக் காவல் செய்த ஆசாபு மரம் கொடுக்க இன்னொரு கடிதம் (நெகே 2:7-8). கையில் கடிதம் இருந்ததால் அவர் எல்லைகளைக் கடந்தார். காட்டில் மரமும் வெட்ட முடிந்தது.

இந்தக் கடிதங்களை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். நம் மாவட்டத்துக்குத் திரும்பும்போது இவை நமக்கு உதவும்.

நம் மண்ணின் இரண்டு புறப்பாடுகள்

2019 நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. இம்மாவட்டத்தில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி உண்டு. மேற்கே வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலையும் உண்டு. சமவெளியிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி வெளியே போகிறார்கள். மலையிலிருந்தும் போகிறார்கள்.

சமவெளி இளைஞர்கள் பலர் துபாய், சவூதி அரேபியா, குவைத், கத்தார், சிங்கப்பூர், மலேசியா என்று போகிறார்கள். தமிழகத்தில் இது புதிதல்ல. 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 இலட்சம் தமிழர்கள் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் அதிகம் பேர் சென்ற நாடு சிங்கப்பூர்.

மலையிலுள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் போகும் திசை வேறு. கேரளத்திலும் கர்நாடகத்திலும் உள்ள காப்பி, மிளகுத் தோட்டங்கள், கட்டட வேலை, சாலை வேலை, போர்வெல் லாரி, திருப்பூரின் ஆலைகள் ஆகியவையே அவர்களுடைய வெளியூர். மானாவாரியாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் எடுத்த பிறகு, மலையில் வேலை குறையும் மாதங்களில் அவர்கள் இறங்குகிறார்கள். பொங்கல் முடிந்து மலைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்லும்போது, பூட்டிய வீடுகளையும் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்களையும் நாம் காண்கிறோம்.

இம்மக்களுக்குப் புறப்பாடு புதிதல்ல. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூல்தொகுதியிலும் இது பதிவாகியுள்ளது. மலையில் குடியேறியவர்கள் பின்னர் சடய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் வாழ்ந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்து மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, பள்ளி, பட்டா, வங்கி எல்லாம் அதற்குப் பிறகே மெல்ல மெல்ல ஏறத் தொடங்கின. சமவெளிக்கும் மலைக்கும் இடையே தூரம் சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் அரசாங்கக் காகிதத்தின் கணக்கில் அது ஒரு தலைமுறைத் தூரம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது நம் எல்லாருக்கும் ஆறாத புண். அதன் பின்னர் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதார நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இம்மலையின் வறுமை ஒரு பெருந்துயருக்குப் பிறகே பலருடைய கண்ணில் பட்டது.

புறப்படும்போது வாங்கும் கடன்

வெளிநாடு போகிறவரும் கடனோடுதான் போகிறார். தோட்ட வேலைக்குப் போகிறவரும் கடனோடுதான் போகிறார். ஆனால் இரண்டு கடன்களும் ஒன்றல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

சமவெளி இளைஞர் ஒருவர் விசாவுக்காக ஒரு இலட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 3,000 ரூபாய் வட்டி. அங்கே வேலை கிடைத்து, மாதம் 15,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்புகிறார். முழுவதையும் கடனுக்கே கட்டினால் எட்டாவது மாதம் கடன் அடைகிறது. பாதியைக் கட்டினால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். கொடிய வட்டிதான், அதில் ஐயமில்லை. ஆனாலும் அக்கடனுக்கு ஒரு முடிவு உண்டு. கடன் கொடுத்தவர் ஊரில் இருக்கிறார். வேலை கொடுப்பவர் வேறொருவர். கடன் அடைந்ததும் சம்பளம் முழுவதும் அவருடையது.

மலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மேஸ்திரியிடம் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மிளகு பறிக்கப் போகிறார்கள். ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று பேச்சு. எழுபது நாள் வேலை. கூலி 70,000 ரூபாய். அதில் முன்பணம் 30,000 கழிகிறது. லயன் வீட்டில் தங்கி, தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாங்கிய அரிசி, பருப்புக்கு 20,000. வண்டிச் செலவு, மருந்துச் செலவு என்று 8,000. கையில் கிடைப்பது 12,000. ஜூன் மாதம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், விதை வாங்கவும், ஒரு காய்ச்சலுக்கு மருத்துவம் பார்க்கவும் அது போதவில்லை. அடுத்த பொங்கலுக்கு மேஸ்திரி மீண்டும் வருகிறார். மீண்டும் முன்பணம்.

இங்கே வட்டி என்ற சொல்லே இல்லை. ஆனால் கடன் கொடுப்பவரும், வேலை கொடுப்பவரும், கூலியை எண்ணுபவரும், கணக்கு எழுதுபவரும் ஏறத்தாழ ஒரே கைதான். அதனால்தான் இக்கடன் அடைவதில்லை. எல்லா மேஸ்திரிகளும் ஏமாற்றுபவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்லவர் கிடைத்தால் தப்பிக்கலாம், கெட்டவர் கிடைத்தால் தப்ப முடியாது என்ற நிலையே அநீதி என்கிறோம்.

இதைத்தான் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. சங்கிலியால் கட்டினால்தான் கொத்தடிமை என்பதில்லை. முன்பணத்துக்கு ஈடாக, வேறு இடத்துக்குப் போகும் உரிமையின்றி, அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க நேர்ந்தால், அது கொத்தடிமை முறையே. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்தது.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் நமக்கு இங்கே கைகொடுக்கிறது. எருசலேமின் ஏழைகள் தானியத்துக்காக வயல்களை அடகு வைத்தார்கள். பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர்கள் அயலார் அல்லர், சொந்தச் சகோதரர்களே. நெகேமியா சினம் கொண்டு சபையைக் கூட்டினார். வயலையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. மதில் கட்டும் பணிக்கு நடுவில், எதிரிகள் சூழ்ந்திருந்த வேளையில் அவர் இதைச் செய்தார். மதில் வேலை முடியட்டும், ஏழையின் கடனைப் பிறகு பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போடவில்லை.

கையிலுள்ள காகிதம்

வெளிநாடு போகிறவரிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி அரசின் அனுமதி தேவை. முகவர் வழியாகப் போனால், அவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவ்வாறு அனுமதி பெற்றுப் போகிறவருக்கு, விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் வழங்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு. தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்தி வருகிறது. இவ்வளவு இருந்தும் ஏமாறுகிறவர்கள் பலர் என்பது உண்மை. சுற்றுலா விசாவில் போய்ச் சிக்கியவர்களையும், கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் திரும்ப முடியாமல் தவித்தவர்களையும் நாம் அறிவோம். ஆயினும் அவர் போனார் என்பதற்கு எங்கோ ஒரு பதிவு இருக்கிறது.

மலையிலிருந்து இரவு வேனில் ஏறிப் போகும் குடும்பத்துக்கு என்ன பதிவு இருக்கிறது? மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துச் செல்லப்படும் தொழிலாளர்களுக்காக 1979-ல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் 2020-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. மேஸ்திரியின் கைபேசியில் இருக்கும் பெயர்ப் பட்டியலைத் தவிர வேறு பட்டியல் பல நேரங்களில் இல்லை.

வேறொன்றும் உண்டு. மலையாளி மக்களின் பழங்குடித் தகுதி, அரசு ஆணையில் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கே உரியது. பழைய தென்னார்க்காடு அதில் இருப்பதால் நம் மலை மக்களுக்கு அது பொருந்தும். ஆனால் மாநில எல்லையைத் தாண்டி நடந்தால் அந்தப் பாதுகாப்பு அவர்களுடன் நடப்பதில்லை. ஊரில் பழங்குடியாக இருப்பவர், தோட்டத்தில் வெறும் வெளியூர்க் கூலியாள்.

கடிதம் கொண்டு சென்ற நெகேமியாவையும், யோசேப்பை அறியாத அரசனிடம் சிக்கிய மக்களையும் இப்போது நினைத்துப் பாருங்கள். எகிப்துக்கும் பாரசீகத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு, நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

துன்பம் வரும்போது

2024 ஜூன் 12-ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியது. இறந்த இந்தியர்கள் 45 பேர். அவர்களுள் 7 பேர் தமிழர்கள். விமானப்படை விமானம் அவர்களுடைய உடல்களைக் கொச்சிக்குக் கொண்டு வந்தது. அமைச்சர்கள் நின்று மரியாதை செலுத்தினார்கள். தமிழக அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 இலட்சம் ரூபாய் அறிவித்தது. அது செய்யப்பட வேண்டியதே. ஒரு தொழிலாளியின் உடலுக்கு நாடு காட்டும் மரியாதை அது.

2018 பிப்ரவரியில், ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்திலுள்ள கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். அவர்களுள் பலர் மலைவாழ் மக்கள்.

செம்மரம் வெட்டுவது குற்றம். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மரத்தை வாங்கி விற்கும் பெரிய கைகள் ஏரியில் மிதப்பதில்லை. மேஸ்திரியின் முன்பணத்தை அடைக்க வழியற்றவனிடம், ஒரு வாரத்தில் பல ஆயிரம் தருகிறேன் என்று இன்னொரு முகவர் வந்து நிற்கிறான். தோட்டத்துக்குப் போக ஏறிய அதே மாதிரியான வேனில் அவன் காட்டுக்கும் ஏறுகிறான். ஆசாபுக்கு எழுதிய கடிதம் அவன் கையில் இல்லை.

2020-ல் கொரோனா காலத்தில் இரண்டு பிரிவினரும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்டார்கள். மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் வெளிநாட்டிலிருந்தவர்களை அழைத்து வந்தன; இந்தியத் தூதரகங்களில் பெயர்ப்பட்டியல் இருந்தது. உள்நாட்டுத் தொழிலாளருக்கு மே 1 முதல் சிறப்பு இரயில்கள் ஓடின. அதற்கு முன்பே பல்லாயிரம் பேர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி ஒரு கணக்கு இல்லை என்பதே மத்திய அரசின் பதிலாக இருந்தது. யோசேப்பை அறியாத அரசன் என்பது இதுதான். அவன் கொடியவனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் தெரியாதவனாக இருந்தாலே போதும்.

பிள்ளைகளின் பங்கு

வெளிநாடு போகிறவர் பெரும்பாலும் தனியாகப் போகிறார். மனைவி, பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். தந்தையின் முகத்தைக் கைபேசியில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளின் ஏக்கம் பெரிது. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் தாயின் பாரமும் பெரிது. ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. வெளிநாட்டுப் பணத்தில் முதலில் கடன் அடைகிறது, பிறகு வீடு எழுகிறது, பிறகு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. தந்தை சிமெண்டு சுமந்தாலும் மகள் செவிலியராகவோ ஆசிரியையாகவோ ஆகலாம்.

மலைக் குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போகிறது. ஜனவரியில் போய் மே மாதம் திரும்பும் பிள்ளைக்குப் பள்ளியாண்டின் பாதி போய்விடுகிறது. இரண்டு ஆண்டு இப்படிப் போனால், மூன்றாம் ஆண்டு அந்தப் பிள்ளையும் கூடை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிக்கடியில் நிற்கிறது. முதல் குடும்பத்தில் புலம்பெயர்வு ஒரு தலைமுறையோடு முடிய வாய்ப்புண்டு. இரண்டாவது குடும்பத்தில் அது பரம்பரைச் சொத்தாகிறது.

இந்தியாவுக்கு 2022-ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அனுப்பிய பணம் சுமார் 11,100 கோடி டாலர். உலகிலேயே இதுதான் அதிகம். மலைத் தொழிலாளி முந்தானையில் முடிந்து கொண்டு வரும் 12,000 ரூபாய் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

நம் ஆலயத்தைப் பார்ப்போம்

அன்புக்குரியவர்களே, அரசைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நம் பங்குகளிலும் இதே வேறுபாடு இருக்கிறது.

ஆண்டுத் திருவிழாவின் தேர்பவனிக்கு உபயம் செய்தவர்களின் பெயரை நாம் ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உதவிய பிள்ளைகளின் பெயர்கள் பளிங்குக் கல்லில் பொறிக்கப்படுகின்றன. அவர்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்துக் கொடுத்தது அது. நன்றி சொல்வது முறையே. ஞாயிறு மன்றாட்டிலும் வெளிநாட்டில் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்காகச் செபிக்கிறோம். மிளகு பறிக்கப் போனவர்களுக்காக நாம் எத்தனை ஞாயிறு செபித்திருக்கிறோம்? அவர்கள் எந்த ஊர்த் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்றாவது நமக்குத் தெரியுமா? வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். மலையிலிருந்து போனவர்களைப் பற்றி "வேலைக்குப் போயிருக்கிறார்கள்" என்ற அளவோடு நாமும் நிறுத்திக்கொண்டோம். பெயரை அறியாத அரசனைப் பற்றிப் பேசும் நாம், பெயரை அறியாத மேய்ப்பராக இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலையில் கத்தோலிக்கர் சிலரே என்று சொல்லி இதை விட்டுவிட முடியாது. கூலியாள் உன் இனத்தவனாயினும் உன் நாட்டில் தங்கியுள்ள அந்நியனாயினும், கதிரவன் மறையுமுன் அவனுடைய கூலியைக் கொடு என்பதே இணைச்சட்டத்தின் கட்டளை (இச 24:14-15). திருமுழுக்குப் பெற்றவனா என்று அது கேட்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ல் புலம்பெயர்ந்தோருக்கென்று ஓர் ஆவணமே வெளியிட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், புலம்பெயர்ந்தோரை வரவேற்கவும், பாதுகாக்கவும், வளர்க்கவும், சமூகத்தோடு இணைக்கவும் அழைத்தார். வழக்கமாகச் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருச்சபை அவர்களுக்கான நாளைக் கொண்டாடுகிறது. அந்த நாளில் குவைத்தை மட்டுமல்ல, குடகையும் நினைப்போம்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, பெயரை எழுதுவோம். ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். யார் போகிறார்கள், எங்கே, யார் அழைத்துச் செல்கிறார், எப்போது திரும்புவார்கள், மேஸ்திரியின் கைபேசி எண் என்ன என்று புறப்படுவதற்கு முன்பே எழுதி வைப்போம். நெகேமியாவின் கடிதம் இப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டு, காகிதங்களைத் தேடிக் கொடுப்போம். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடம் பெற வேண்டியது. அதற்கு அலைய முடியாதவர்களுடன் படித்த நம் இளைஞர் ஒருவர் துணைக்குப் போகலாம். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியப் பதிவு, 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு ஆகியவற்றை ஒரு ஞாயிறு மாலையில் பங்கு அரங்கிலேயே செய்துவிடலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. தோட்டம் இருக்கும் மாநிலத்திலும் மத்திய அரசின் திட்டத்துக்குள் வரும் குடும்ப அட்டைக்குத் தானியம் வாங்க வழியுண்டு. கடையில் பற்று வைப்பது அந்த அளவுக்குக் குறையும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிரிட்டு வரும் பழங்குடிக் குடும்பம் 4 எக்டேர் வரை உரிமை கோரலாம். பட்டா கையில் இருந்தால் வங்கி கடன் தரும். மேஸ்திரியின் முன்பணம் தேவைப்படாது.

மூன்று, முன்பணத்துக்கு மாற்று வழி காண்போம். பங்கின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், மார்கழி, தை மாதங்களில் மலைக் குடும்பங்களுக்குச் சிறு கடன் கொடுக்க முன்வரலாம். திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி போதும், சில குடும்பங்கள் ஓராண்டு மேஸ்திரிக்குக் கை நீட்டாமல் இருக்க. நம்முள் யாராவது மூன்று வட்டி, ஐந்து வட்டிக்கு விடுகிறவர்களாக இருந்தால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்துக்கு அஞ்சுவதற்கு முன்பு, நெகேமியாவின் சினத்துக்கு அஞ்சட்டும்.

நான்கு, பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்துவோம். மலையில் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் புறப்படும் முன்பே பிள்ளையை விடுதியில் சேர்க்க உதவுவது, அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையை விடுவிப்பதாகும்.

ஐந்து, சிக்கியவர்களை மீட்போம். கொத்தடிமையாக இருந்தவர் என்று உறுதியானால் வருவாய்த் துறை விடுதலைச் சான்றிதழ் தருகிறது. மத்திய அரசின் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், மறுவாழ்வுக்காக ஆணுக்கு 1 இலட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 இலட்சம் ரூபாயும் கிடைக்க வழியுண்டு. இதை அறியாமலேயே கடனை நினைத்து அஞ்சி வாழ்பவர்கள் பலர்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு சொல். முகவர் பதிவு பெற்றவரா என்று விசாரிக்காமல் நகையை அடகு வைக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நகலைப் பங்குத்தந்தையிடமோ வீட்டிலோ விட்டுச் செல்லுங்கள். கடன் அடைந்து, வீடு கட்டி நிமிர்ந்த பிறகு, மலையிலிருந்து வரும் ஒரு குழந்தையின் படிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத நாட்டில் பெயரில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களைப் போல் அறிந்தவர் வேறு யார்?

நிறைவாக

நம் ஆண்டவரும் புலம்பெயர்ந்த குழந்தையே. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்கள் பாரசீகத்தவர் என்பது திருச்சபையின் பழைய மரபுகளுள் ஒன்று. அவர்கள் போன பிறகு, இரவோடு இரவாகத் தாயும் தந்தையும் அவரைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார்கள் (மத் 2:13-15). அங்கே தச்சரான யோசேப்பு என்ன கூலிக்கு வேலை செய்தார், யார் அவருக்கு வீடு கொடுத்தார், முன்பணம் கேட்டாரா என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கிறது. ஆகவே யாரோ ஒருவர் அவர்களுடைய பெயரைக் கேட்டிருக்க வேண்டும். யாரோ ஒருவர் மாலையில் கூலியைச் சரியாக எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்குப் பிறகு மலையிலிருந்து வேன் இறங்கும். அதில் ஏறுகிறவர்களின் பெயரை நாம் கேட்போம். இறைவன் நம் குடும்பங்களையும், கடல் கடந்தும் மலை கடந்தும் உழைக்கும் நம் சகோதர சகோதரிகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.